ஓடுபவரின் கெண்டைக்கால்

பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நெருங்குங் காலத்தில், இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களிலே மாலைதோறும் ஒரு முறையீடு கேட்பது வழக்கம்: "அம்மா, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது!" உடனே தைலப் போத்தல் வெளிவரும், பாட்டியார் உருவத் தொடங்குவார். இக்கைவைத்தியம் எப்போது நன்மை தரும், எப்போது தீங்காகும் என்பது ஒவ்வொரு குடும்பத்தினரும் அறியத்தக்கது.

கெண்டைக்காலில் இரு பெருந்தசைகள் உள. மேலே புடைத்துத் தோன்றுவது முழங்காலைக் கடந்து தொடையெலும்பிற் பற்றியிருக்கிறது. அதனடியில் மற்றொன்று தட்டையாய்ப் படுத்திருக்கிறது. இரண்டும் ஒன்றுகூடித் தடித்த நாணாகிக் குதிகாலெலும்பில் முடிகின்றன. ஓடும்போது அந்த அடித்தசை தாங்கும் விசை, உடலின் எடையைப்போல் 6 முதல் 8 மடங்கு என அளந்திருக்கின்றனர்.

நம் மலைச்சரிவுகளோ இச்சுமையை மேலும் கூட்டுகின்றன. ஏற்றத்தில் முன்பாதத்தை ஊன்றி உடலை உந்தவேண்டும். இறக்கத்தில் தசையானது நீண்டுகொண்டே சுமை தாங்குவதால், அதன் இழைகள் நுண்ணியதாய்ச் சிதைகின்றன. பலாபத்தலை வழியாக 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலைக்குச் சென்று மீண்டவர், மறுநாள் வாசற்படி இறங்கவும் தடுமாறுவது இதனாலேதான். இவ்வலி 1 முதல் 3 நாட்களுள் உச்சமடைந்து தானே தணியும். இதற்கு மெல்லிய நடையும் இதமான உருவலும் போதும். பாட்டியார் தாராளமாகத் தைலம் தடவலாம்.

வெறுங்காலோட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 1960 ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் எதியோப்பிய வீரர் அபெபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி மரதனில் வென்றார். அது பழகிய கால். ஆண்டு முழுதும் சப்பாத்தணிந்துவிட்டுப் போட்டிக்கு இரு வாரமிருக்கையில் அதைக் கழற்றி வைக்கும் மாணவனின் கால் அத்தகையதன்று. முன்பாதம் முதலில் ஊன்றப்படுவதால் கெண்டைத்தசையின் வேலை திடீரெனப் பெருகிவிடுகிறது.

ஓடுகையில் பின்னாலிருந்து யாரோ கல்லாலெறிந்ததுபோல் சுரீரென வலித்தால், தசை கிழிந்திருக்கக்கூடும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உருவலும் வெந்நீர் ஒத்தடமும் ஆகா. குளிர்ந்த துணி, அளவான கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவையே தக்கவை. நுனிக்காலில் எழும்பவே முடியாவிட்டால் வைத்தியரிடம் செல்க. ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடேறிச் சிவந்திருந்தால் அது இரத்தம் உறைந்த நாளமாகவும் இருக்கலாம். அதனை ஒருபோதும் உருவாது அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

வலி தணிந்தபின் வெறுமனே படுத்திருத்தல் பயனற்றது. 1998 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வைத்தியர் ஆல்பிரட்சன், குதிநாண் நோயால் ஓட்டத்தைக் கைவிட்டிருந்த 15 பேருக்கு, படிவிளிம்பில் நின்று குதிகாலை மெல்லத் தாழ்த்தும் பயிற்சியை 12 வாரம் அளித்தார். அனைவரும் ஓட்டத்திற்கு மீண்டனர். அது நாணுக்கான சிகிச்சையாயினும், தசைக்கும் படிப்படியான சுமையே மருந்து. இதற்கு லயத்து வாசற்படி ஒன்றே போதும். சுவரைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தித் தாழ்த்துக, பின்னர் ஒற்றைக்காலில். முழங்காலை நிமிர்த்திச் செய்தால் மேற்றசையும், மடித்துச் செய்தால் அடித்தசையும் வலுப்பெறும்.

ஒற்றைக்காலில் 20 தடவை வலியின்றி எழும்ப முடிந்தால் ஓடத் தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, அதுவும் சமதரையில். இரத்தினபுரியிலே சமதரையையும் மழையில்லாத மாலையையும் ஒருங்கே பெறுவது எளிதன்று என்பது உண்மைதான். ஆயினும் மலைப்பாதையைக் கடைசி வாரத்திற்கே விட்டுவைக்கவேண்டும்.