ரங்கன் வாத்தியார் சிறை சென்ற பிறகு



நினைவுச் சொற்பொழிவில் சினிமாவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சிம்மக்கல்லில் இன்று கூடியிருப்பவர்களில் பலர் நெருக்கடி நிலைக்குப் பின் பிறந்தவர்கள். அந்தக் காலத்தைத் தலைவர்களின் சிறை அனுபவங்கள் வழியாகவே அறிந்திருக்கிறோம். பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) அதே காலத்தை வடசென்னை உழைப்பாளிகளின் தெருவிலிருந்து காட்டுகிறது.

முதலில் வரலாறு. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தி.மு.க. அரசு அதை எதிர்த்ததால் தமிழகத்தில் ஏழு மாதம் அதன் பிடி தளர்ந்திருந்தது. 1976 ஜனவரி 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறை வைக்கும் மிசா சட்டத்தில் கட்சிக்காரர்கள் வரிசையாகக் கைதானார்கள். சென்னை மத்திய சிறையில் அவர்கள் தாக்கப்பட்டதைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரிழந்தார்.

படத்தின் ரங்கன் வாத்தியார் இந்த வரிசையில் வருபவர். ஆனால் அவருடைய மனசாட்சி போலீஸ் வருவதற்கு முன்பே சோதிக்கப்படுகிறது. பரம்பரையின் மானத்தைக் காக்க யாரை மேடையேற்றுவது? சொந்த மகன் வெற்றி காத்திருக்கிறான். செல்வாக்குள்ள தணிகைக்கு அவருடைய உறவினன் ராமன் வேண்டும். வாத்தியாரோ துறைமுகக் கூலித் தொழிலாளி கபிலனைத் தேர்ந்தெடுக்கிறார். படத்தில் சாதிப் பெயர் உரக்கச் சொல்லப்படுவதில்லை. தணிகையின் ஏளனத்தில் அது நமக்குப் புரிந்துவிடுகிறது.

கபிலன் வெல்லப்போகும் நேரத்தில் இரண்டு அதிகாரங்கள் ஒரே மேடையில் ஏறுகின்றன. அரசு வாத்தியாரைக் கைது செய்கிறது. தணிகையின் ஆட்கள் கபிலனின் ஆடையை உருவி அவமானப்படுத்துகிறார்கள். முன்னது டெல்லி உத்தரவு. பின்னதற்கு எந்த உத்தரவும் தேவைப்படவில்லை.

அதன்பின் கபிலன் சாராயத்தில் விழுகிறான். மிசா கைதிகளின் பட்டியலில் அவன் பெயர் இராது. ஆசானை இழந்த மாணவனின் இழப்பை எந்த ஆணையமும் கணக்கெடுக்காது. படம் அதைக் கணக்கில் எடுக்கிறது. அதுவே அதன் தனிச் சிறப்பு.

எனினும் ஒரு கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. நெருக்கடி நிலையில் அடிபட்ட அதே கட்சியின் ஆட்சியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். டெல்லியை எதிர்ப்பவர் ஊர்த் தெருவில் யார் பக்கம் நிற்கிறார் என்பதையும் சேர்த்தே அவருடைய மனசாட்சியை அளக்க வேண்டும். ரங்கன் வாத்தியார் இரண்டிலும் தேறுகிறார். நிஜத்தில் அப்படித் தேறியவர்கள் எத்தனை பேர்?

நம் மதுரை மண்ணையே பாருங்கள். நெருக்கடி நிலை 21 மாதம் நீடித்து, 1977 மார்ச்சில் முடிந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முறையான தேர்தல் நடக்க 2006 ஆயிற்று. பத்து ஆண்டுகள்! மேலவளவில் வென்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அரசமைப்புச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம்தான் அது. நெருக்கடி நிலை என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆகவே அது முடிந்தது என்றும் யாரும் அறிவிக்கவில்லை.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர் இரண்டையும் சேர்த்தே எச்சரித்தார். அரசியலில் தனிமனித வழிபாடு சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்றார். சமூக ஜனநாயகம் இல்லாமல் அரசியல் ஜனநாயகம் நிலைக்காது என்றார். முதல் எச்சரிக்கையை ஜூன் 25 வந்தால் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். இரண்டாவதை நினைவூட்டும் வேலை நம்முடையது.

மாணவர்கள் அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். மேடையில் விழும் குத்துகளை மட்டுமல்ல, மேடையைச் சுற்றி நிற்பவர்களையும் கவனியுங்கள். கபிலன் அவமானப்படும்போது யார் ஓடி வருகிறார்கள், யார் வேடிக்கை பார்க்கிறார்கள்? அந்தக் கூட்டத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்.