வேலையாளின் காதும் நம் பொறுப்பே



செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்தில் நிற்கும் பெரிய களஞ்சியத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தானியம் சேர்ப்பதும் விற்பதும் நம் ஊரின் பழைய தொழில். அன்று உலக்கை செய்த வேலையை இன்று மெஷின் செய்கிறது. ரைஸ் மில், மாவு மில், மணிலா உடைக்கும் மெஷின், கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டர் என்று நம்மில் பலர் இரைச்சலுக்கு நடுவேதான் வியாபாரம் செய்கிறோம். அந்த மெஷின் பக்கத்தில் நாள் முழுதும் நிற்பவர் நம் வேலையாள்.

இரைச்சலால் காது கெடுவது வலிக்காது, ரத்தம் வராது. உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் சிறிது சிறிதாகச் சாகின்றன. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் கீச்சென்ற மெல்லிய ஒலிகள் மறையும். பேச்சு கேட்கும், சொல் தெளியாது. 'எழுபது' என்றால் 'எண்பது' என்று காதில் விழும். மூட்டைக் கணக்கு தவறும். பின்னால் ரிவர்ஸ் வரும் லாரியின் ஹாரன் கேட்காமல் போனால் உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு இரைச்சல் ஆபத்து? ஒலியை டெசிபல் கணக்கில் அளக்கிறார்கள். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் நெடுங்காலமாக நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று எல்லை வைத்தன. 95 ஆனால் 4 மணி நேரம், 100 ஆனால் 2 மணி நேரம். 115-க்கு மேல் அறவே கூடாது. அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியாஷ் 1998-இல் 85 டெசிபலையே 8 மணி நேர எல்லையாகப் பரிந்துரைத்தது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடம்பெற்றது. "நம்முடையது சின்ன மாவு மில், தொழிற்சாலை இல்லையே" என்று சொல்லலாம். காதுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கருவி இல்லாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. மெஷின் ஓடும்போது ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் பேசிப் பாருங்கள். கத்தினால்தான் கேட்கிறது என்றால் இரைச்சல் எல்லையைத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் காதில் 'ஙொய்' என்று சத்தம் இருந்தால் அதுவும் எச்சரிக்கையே. செல்போன் செயலியும் உத்தேசமாக அளவு காட்டும்.

இனி செய்ய வேண்டியவை:

1. முதலில் மெஷினைக் கவனியுங்கள். தேய்ந்த பேரிங், தளர்ந்த போல்ட், ஆடும் தகரம் ஆகியவை இரைச்சலைக் கூட்டும். அடியில் ரப்பர் கட்டை வைத்தால் அதிர்வு குறையும்.

2. ஜெனரேட்டரைக் கடைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். புகைக்கும் அதுவே நல்லது. கல்லாவுக்கும் மில்லுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கட்டும்.

3. ஒரே ஆளை நாள் முழுதும் மெஷினருகே நிறுத்தாமல், எடை போடவும் பொட்டலம் கட்டவும் முறை மாற்றி அனுப்புங்கள். சாப்பாடும் ஓய்வும் இரைச்சல் எட்டாத இடத்தில் அமையட்டும்.

4. இவற்றுக்குப் பிறகும் இரைச்சல் குறையாவிட்டால் காதடைப்பான் வாங்கித் தாருங்கள். பஞ்சு அடைப்பதால் பெரிய பயன் இல்லை. மாவுக் கையோடு அடைப்பானைத் தொடாமல், கை கழுவிப் போடச் சொல்லுங்கள். முதலாளியும் மில்லுக்குள் போகும்போது போட்டுக்கொண்டால்தான் வேலையாளும் போடுவார்.

5. ஆண்டுக்கு ஒருமுறை காது பரிசோதனை செய்யுங்கள். முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டும் தூரம்தான்.

ஒரு பேரிங்கின் விலையும் ஒரு ஜோடி காதடைப்பானின் விலையும் நமக்குப் பெரிய செலவல்ல. தேய்ந்த பேரிங்கை மாற்றிவிடலாம். கெட்ட காதை மாற்ற முடியாது. உறுப்பினர்கள் இந்த வாரமே தத்தம் கடையில் அந்தக் கை நீளச் சோதனையைச் செய்து பார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.