முன்பின் தெரியாதவருக்கு ஓட்டு இல்லை

2020 பிப்ரவரி. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஒரு தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. இறந்தவர், அந்த மாநிலத்தின் மூத்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்னுக்குப் பல ஆண்டுகளாக வரவு செலவுக் கணக்கு பார்த்துவந்தவர். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி கிளைபர்னைக் கையசைத்து அருகே அழைத்தார். இந்த முறை யாருக்கு ஓட்டுப் போடப்போகிறீர்கள் என்று கேட்டார். வெளியே சொல்ல மனமில்லை என்றால் காதில் சொன்னால் போதும் என்றார். கிளைபர்ன் குனிந்து ஜோ பைடனின் பெயரைச் சொன்னார். இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, ஊரும் இதற்காகத்தான் காத்திருக்கிறது என்றாராம் மூதாட்டி. கிளைபர்ன் பின்னாளில் பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 26 அன்று அவர் பைடனுக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். அதுவரை பைடனின் நிலைமை பரிதாபமாக இருந்தது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அயோவாவில் நான்காவது இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது இடம். எப்போது விலகுவார் என்பதுதான் நிருபர்களின் கேள்வியாக இருந்தது. 29ஆம் தேதி தென் கரோலினாவில் ஏறக்குறைய பாதி ஓட்டுகள் அவருக்கே விழுந்தன. அடுத்து வந்த பெர்னி சாண்டர்ஸ் 20 சதவீதத்தை எட்டவில்லை. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கருத்துக்கணிப்பின்படி, அன்று ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். அவர்களில் பத்துக்கு ஆறு பேர் பைடனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கிளைபர்ன் சொன்னது தன் முடிவில் முக்கியப் பங்கு வகித்தது என்று வாக்காளர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொன்னார்கள். மூன்று நாள் கழித்து 14 மாநிலங்களில் நடந்த ‘சூப்பர் செவ்வாய்’த் தேர்தலில் பைடன் 10 மாநிலங்களில் வென்றார்.

ஒரு தலைவரின் ஒரு சொல் தேர்தலையே புரட்டிப்போட்டது என்று பத்திரிகைகள் எழுதின. கொஞ்சம் நிதானித்தால் வேறொரு கேள்வி எழும். ஓராண்டாக இருபதுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் அந்த மாநிலத்தைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். தொலைக்காட்சியைத் திறந்தால் விளம்பரம், தபால் பெட்டியைத் திறந்தால் துண்டறிக்கை. இத்தனைக்குப் பிறகும் அந்த மூதாட்டி எதற்காகக் காத்திருந்தார்? வேட்பாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். சொன்னதைச் செய்வார்கள் என்று ஜாமீன் நிற்க, தனக்குத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். கறுப்பின மக்களின் நம்பிக்கையைத் தேடி வரும் அதிபர் வேட்பாளர்களில் பலர் இடறி விழும் இடம் இதுதான்.

கட்சியா, கிளப்பா?

இந்த முன்னெச்சரிக்கைக்கு வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தென்மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சி ஜெயிக்காது. ஆகவே உட்கட்சித் தேர்தலே உண்மையான தேர்தல். அதில் கறுப்பினத்தவர் ஓட்டுப் போடக் கூடாது என்று கட்சியே விதி வைத்திருந்தது. டெக்சாஸ் வழக்கு ஒன்றில் 1944இல் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. தென் கரோலினா சட்டமன்றம் உடனே சிறப்புக் கூட்டம் போட்டு, உட்கட்சித் தேர்தல் பற்றிய மாநிலச் சட்டங்கள் அத்தனையையும் நீக்கியது. கட்சி இனி ஒரு தனியார் கிளப், அதில் யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்பது அவர்களின் வாதம்.

1946இல் கொலம்பியா நகரத்தில் ஜார்ஜ் எல்மோர் என்ற கறுப்பின வியாபாரி ஓட்டுப் போடச் சென்று திருப்பி அனுப்பப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 1947 ஜூலையில் நீதிபதி வேட்டீஸ் வேரிங் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு உட்கட்சித் தேர்தலில் சுமார் 35,000 கறுப்பினத்தவர் ஓட்டுப் போட்டார்கள். எல்மோருக்கு அதன் விலை பெரிதாக இருந்தது. அவர் கடைக்குச் சரக்கு கொடுத்துவந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள், தொழில் நொடித்துப்போனது. வீட்டு வாசலில் சிலுவை எரித்து மிரட்டினார்கள். தீர்ப்பெழுதிய வேரிங், சார்ல்ஸ்டன் நகரத்தின் பழைய மேட்டுக்குடி வெள்ளையர்; சொந்த ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. ஓய்வுக்குப் பின் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார்.

2020இல் எண்பது வயதான ஒரு கறுப்பினப் பெண், இது நடந்தபோது பள்ளிக்கூடம் போகும் சிறுமி. தாய் தகப்பன் ஓட்டுப் போட முடியாமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவருக்கு, ஓட்டு என்பது எடுத்த எடுப்பில் யாருக்கும் தூக்கிக் கொடுக்கும் பொருள் அல்ல. இன்னொன்றும் உண்டு. 1964இலிருந்து கறுப்பின மக்களின் ஓட்டில் மிகப் பெரும்பகுதி பொதுத்தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கே போகிறது. அங்கே பேரம் பேச அவர்களுக்கு இடம் குறைவு. யார் வேட்பாளர் என்று முடிவாகும் உட்கட்சித் தேர்தலில்தான் அவர்கள் கை ஓங்கியிருக்கிறது. தேர்தல் முடிந்த பிறகு கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வதற்கான தருணமும் அதுதான்.

ஒபாமாவும் வரிசையில் நின்றார்

ஒரு கறுப்பின வேட்பாளர் நின்றால் கறுப்பின ஓட்டு தானாக விழும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். 2007இல் பராக் ஒபாமாவுக்கே அப்படி நடக்கவில்லை. கிளிண்டன் குடும்பத்துக்குக் கறுப்பின மக்களோடு பல ஆண்டுப் பழக்கம். கறுப்பின அரசியல்வாதிகளிலும் போதகர்களிலும் பலர் போட்டி வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன் பக்கம் நின்றார்கள். ஒபாமாவைப் பிடித்தவர்களுக்கும் இரண்டு தயக்கம்: வெள்ளையர்கள் இவருக்கு ஓட்டுப் போடுவார்களா? போட்டால் இவரை உயிரோடு விட்டுவைப்பார்களா?

ஒபாமாவின் ஆட்கள் முடிதிருத்தும் கடைகளுக்கும் அழகு நிலையங்களுக்கும் போனார்கள். கறுப்பினக் குடியிருப்புகளில் மணிக்கணக்காக அரசியல் பேசப்படும் இடங்கள் அவை. கடைக்காரரின் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. தென் கரோலினா அரசியலில் உள்ளூர்ப் பிரமுகர்களுக்குப் பணம் கொடுத்து ஆள் திரட்டச் சொல்வது பழைய வழக்கம். ஒபாமா தரப்பு அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொண்டர் படை கட்டியது. நவம்பரில் மிஷெல் ஒபாமா ஆரஞ்ச்பர்க் நகரத்துக்கு வந்து, மக்கள் மனதில் இருந்த அந்தப் பயத்தைப் பற்றியே மேடையில் பேசினார்.

எஞ்சியிருந்த சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது தென் கரோலினா அல்ல. 2008 ஜனவரி 3 அன்று, வெள்ளையர்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் அயோவாவில் ஒபாமா வென்றார். அவரால் ஜெயிக்க முடியும் என்று அன்று தெரிந்தது. 26ஆம் தேதி தென் கரோலினாவில் அவருக்கு 55 சதவீதம், ஹிலாரிக்கு 27. கறுப்பின வாக்காளர்களில் நூற்றுக்கு 78 பேர் ஒபாமாவுக்குப் போட்டிருந்தார்கள்.

ஆக, இந்த நம்பிக்கையில் கணக்கும் இருக்கிறது. இவர் நம்மை அறிந்தவரா என்பதோடு, மற்றவர்கள் இவரை ஜெயிக்க விடுவார்களா என்பதும் சேர்ந்துதான் ஓட்டாகிறது. தோற்றால் அதிகம் இழப்பவர்கள் தாங்கள்தான் என்று அனுபவத்தில் கண்டவர்களின் கணக்கு அது. 2020 தேர்தலுக்கான போட்டியிலிருந்து கமலா ஹாரிஸும் கோரி புக்கரும் முதல் ஓட்டு விழும் முன்பே விலக நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்த் தாய்க்குப் பிறந்தவர் என்று நாம் கொண்டாடும் ஹாரிஸ், கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1908இல் அங்கே தொடங்கப்பட்ட ‘ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா’ என்ற கறுப்பினப் பெண்கள் சங்கத்தின் உறுப்பினர். அந்த உறவு அவருக்கு வாசலைத் திறந்துவிட்டது. ட்ரம்பைத் தோற்கடிக்க யாரால் முடியும் என்ற கேள்விக்கு அப்போது அது போதவில்லை.

பணம் பேசாத ஊர்

2020இல் தென் கரோலினாவில் கொட்டிய பணத்துக்குக் குறைவில்லை. கோடீஸ்வரர் டாம் ஸ்டெயர் அந்த ஒரு மாநிலத்தில் விளம்பரத்துக்கு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். கிடைத்தது 11 சதவீதம். கட்சி மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதியும் தேறவில்லை. அன்றிரவே விலகிக்கொண்டார். இந்தியானாவில் சவுத் பெண்ட் நகர மேயராக இருந்த பீட் புட்டிஜெஜ், கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கென விரிவான திட்டம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார். ஆனால் அவர் நகரத்தில் கறுப்பினக் காவல்துறைத் தலைவர் பதவியிறக்கப்பட்ட கதையும், 2019இல் கறுப்பினத்தவர் ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற கதையும் அவருக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தன. சொந்த ஊர்க் கறுப்பின மக்களே அவருக்காக ஜாமீன் நிற்கத் தயங்கியபோது, தென் கரோலினாக்காரர்கள் எதற்கு நிற்க வேண்டும்?

சாண்டர்ஸின் கதை வேறு. மாணவராக இருந்தபோது சிகாகோவில் இனப் பாகுபாட்டுக்கு எதிராகப் போராடிக் கைதானவர். அவருடைய மருத்துவக் காப்பீடு, கல்லூரிக் கட்டணக் கொள்கைகளால் பயன்பெறுவோரில் கறுப்பினத்தவர் ஏராளம். இருந்தும் 2016 உட்கட்சித் தேர்தலில் தென் கரோலினாக் கறுப்பின வாக்காளர்களில் 86 சதவீதம் ஹிலாரிக்கே போட்டார்கள். இடைப்பட்ட பல ஆண்டுகள் சாண்டர்ஸ் வெள்ளையர் நிறைந்த வெர்மான்ட்டில் அரசியல் செய்தவர். தெற்கின் தேவாலயங்களுக்கும் சங்கங்களுக்கும் அவர் புதுமுகம்.

பைடனிடம் குறையே இல்லையா? நிறைய உண்டு. ஏராளமான கறுப்பின இளைஞர்கள் சிறைக்குப் போகக் காரணமானது என்று விமர்சிக்கப்படும் 1994ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தில் அவர் பங்கு பெரிது. 2019 ஜூனில், இனப் பிரிவினையை ஆதரித்த பழைய செனட்டர்களோடு தன்னால் இணக்கமாக வேலை செய்ய முடிந்தது என்று பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் எட்டு ஆண்டுகள் ஒரு கறுப்பின அதிபருக்குக் கீழே இரண்டாம் இடத்தில் விசுவாசமாக இருந்ததை மக்கள் பார்த்திருந்தார்கள். 2015 ஜூனில் சார்ல்ஸ்டனின் இமானுவேல் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியன் ஒருவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். தன் மூத்த மகனைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகாத பைடன், அந்தத் தேவாலயத்தின் ஞாயிறு வழிபாட்டில் வந்து உட்கார்ந்தார். அப்போது அவர் எந்தப் பதவிக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. ஊர் இதை நினைவில் வைத்திருந்தது.

மன்னிப்புக்கும் நேரம் உண்டு

தவறு செய்த வேட்பாளருக்கு மன்னிப்பே கிடையாதா? கிடைத்திருக்கிறது. 1976 ஏப்ரலில் ஜிம்மி கார்ட்டர், குடியிருப்புகளின் ‘இனத் தூய்மை’ பற்றிப் பேசிப் பெரும் சிக்கலில் மாட்டினார். மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங்கின் தந்தை அவர் பக்கத்தில் மேடையேறினார், புயல் அடங்கியது. அந்தப் பெரியவர் வந்து நின்றதற்குக் காரணம் மேடையில் நடந்ததல்ல. 1971இல் ஜார்ஜியா ஆளுநராகப் பதவியேற்ற அன்றே இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தவர் கார்ட்டர். மாநிலத் தலைமைச் செயலகத்தில் கிங்கின் படத்தை மாட்டியவரும் அவரே.

நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க் இதற்கு நேரெதிர். தெருவில் போவோரை நிறுத்திச் சோதனையிடும் போலீஸ் நடைமுறை அவர் காலத்தில் உச்சத்துக்குப் போனது. 2011இல் மட்டும் 6,85,000 முறைக்கு மேல். நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் மக்கள். அது நடத்தப்பட்ட விதம் அரசமைப்புக்கு விரோதமானது என்று 2013இல் நீதிமன்றம் சொன்ன பிறகும் அவர் அதை நியாயப்படுத்தினார். 2019 நவம்பரில் புரூக்ளினில் ஒரு கறுப்பினத் தேவாலயத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒரு வாரத்தில் அதிபர் வேட்பாளராகக் களமிறங்கினார். தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாக்காளருக்குத் தெரியாதா என்ன?

வாக்குறுதியும் வரவும்

பைடனுக்குக் கிடைத்த ஆதரவும் நிபந்தனையில்லாமல் வந்துவிடவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கறுப்பினப் பெண்ணை நியமிப்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று கிளைபர்ன் வற்புறுத்தினார். பிப்ரவரி 25 சார்ல்ஸ்டன் விவாத மேடையில் பைடன் அதைச் சொன்னார். 2022 ஏப்ரலில் கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சனின் நியமனத்தை செனட் 53-47 என உறுதிசெய்தது. 2024 தேர்தலுக்கான கட்சி அட்டவணையில் அயோவாவையும் நியூ ஹாம்ப்ஷயரையும் பின்னுக்குத் தள்ளி தென் கரோலினாவுக்கு முதல் இடம் கிடைத்தது. மறுபக்கம், வாக்குரிமைப் பாதுகாப்பு மசோதா 2022 ஜனவரியில் செனட்டில் முடங்கியது. மாணவர் கடன் தள்ளுபடித் திட்டத்தை 2023இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தேவாலயத்தில் உட்காரும் பெரியவர்கள் நிறைவேறியதை எண்ணினார்கள். வீட்டு வாடகையோடும் கல்விக் கடனோடும் மல்லுக்கட்டும் பிள்ளைகள் நிறைவேறாததை எண்ணினார்கள். 2024இல் கறுப்பின இளைஞர்கள் சிலர் ட்ரம்ப் பக்கம் சாய்ந்ததையும், சிலர் வீட்டிலேயே இருந்துவிட்டதையும் இந்த இடைவெளியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கறுப்பின மக்கள் கொள்கை வேறுபாடுகளைத் தாண்டி ஒரே பக்கம் ஓட்டுப் போடுவதற்குச் சமூக எதிர்பார்ப்பே காரணம் என்கிறார்கள் அரசியல் அறிஞர்கள் இஸ்மாயில் வைட்டும் ஷெரில் லேர்டும். அந்த எதிர்பார்ப்பு புழங்கும் இடங்கள் தேவாலயம், கல்லூரி, சங்கம், குடும்பம். வாரந்தோறும் தேவாலயத்துக்குப் போகாத, கைபேசியில் அரசியல் கேட்கும் தலைமுறைக்கு கிளைபர்னின் சொல் இன்னொரு பெரியவரின் கருத்து மட்டுமே. அடுத்து வரும் வேட்பாளர் அவர்களிடம் யாரைக் கூட்டிக்கொண்டு போவார் என்பது இன்னும் முடிவாகாத விஷயம். தேர்தல் ஆண்டு பிறந்த பிறகு ஆள் தேடத் தொடங்குபவர் மட்டும் நிச்சயம் தாமதித்துவிட்டார்.