கரையைச் சீரமைக்கும் முன் வடக்கேயும் பாருங்கள்

நான் வசிக்கும் அருள்புரத்திலிருந்து கடல் வெகுதூரம். எனினும், கடலரிப்புத் தடுப்புப் பணிகள் குறித்த செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நொய்யல் ஆறே நினைவுக்கு வருகிறது. திருப்பூரின் சாயக்கழிவு ஆற்றில் கலந்த காலத்தில் ஆதாயம் இங்கே தங்கியது. உப்பேறிய நீரும் பாழ்பட்ட நிலமும் ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருந்த உழவர்களைச் சேர்ந்தன. ஒருவர் செயலின் சுமையை அதில் பங்கில்லாத மற்றொருவர் தாங்குவதைப் பொருளியலில் ‘புறவிளைவு’ என்கிறோம். கரைப் பாதுகாப்பிலும் இதுவே நிகழ்கிறது.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கே செல்வதே மிகுதி. இந்த ஓட்டத்தின் குறுக்கே ஒரு தடுப்பை எழுப்பினால், அதன் தென்புறம் மணல் சேரும். வடபுறம் கரை அரிக்கப்படும்.

புதுச்சேரி இதற்குச் சான்று. 1980-களின் இறுதியில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. அதன் பின்னர் நகரின் மணற்கரை மறைந்தது. எஞ்சிய கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. அரிப்போ வடக்கே நகர்ந்து, தமிழக எல்லைக்குள் இருக்கும் மீனவக் கிராமங்களை எட்டியது. படகை ஏற்றவும் வலையை உலர்த்தவும் இருந்த மணல்வெளியை அவர்கள் இழந்தனர். அங்கும் கற்சுவரும் தூண்டில் வளைவும் கேட்கப்பட்டன. அவற்றின் விளைவு அடுத்த ஊருக்குப் போகும். 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரிக் கடலில் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பின்னரே, நகரக் கரையின் ஒரு பகுதிக்கு மணல் திரும்பியது.

ஆகவே, சீரமைப்பு என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு பணியின் சுற்றுச்சூழல் ஆய்வைச் சடங்காகக் கருதலாகாது. 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அரிப்புத் தடுப்புப் பணிகளை அனுமதிக்கத்தக்க செயல்களில் சேர்த்தது. அனுமதிக்கத்தக்கது என்பதாலேயே பாதிப்பற்றது என்றாகிவிடாது.

ஆய்வறிக்கையைப் படிக்கும் எவரும் நான்கு கேள்விகளை எழுப்பலாம். ஆய்வின் எல்லை, திட்டப் பகுதியோடு முடிகிறதா, வடக்கே உள்ள ஊர்களையும் உள்ளடக்குகிறதா? ஒரு பருவத்தின் தரவை மட்டும் கொண்டதா, இரு பருவக்காற்றுகளையும் கண்டதா? தேங்கும் மணலை எடுத்து வடபுறம் சேர்ப்பது போன்ற மாற்று வழிகளின் செலவு ஒப்பிடப்பட்டுள்ளதா? பத்தாண்டுகளுக்குப் பின் பராமரிப்புக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு?

இவற்றில் மூன்றாவது முக்கியமானது. கல்லைக் கொட்டுவது ஒருமுறைச் செலவு. மணலை நகர்த்துவது ஆண்டுதோறும் தொடரும் செலவு. அதனால் நிதி ஒதுக்குவோருக்குக் கல்லே மலிவாகத் தோன்றும். வடக்கே உள்ள கிராமத்தின் இழப்பையும் அதே கணக்கில் சேர்த்தால், மலிவு எது என்பது மாறக்கூடும்.

தாமதமாகக் கணக்குப் பார்ப்பதன் விலையை எங்கள் ஊர் அறியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளர்கள் வேலையிழந்தனர். கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத சுத்திகரிப்பு அதன் பின்னரே இங்கு நிலைபெற்றது. தொடக்கத்திலேயே செய்திருந்தால் ஆற்றையும் காத்திருக்கலாம், வேலையையும் காத்திருக்கலாம். கடற்கரையில் அந்த வாய்ப்பு, முதல் கல் விழுவதற்கு முன்பு வரை இருக்கிறது.