முட்டைக்கோழி வாங்கப் போறீங்களா? விரலை வைத்துப் பாருங்க!

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையாகட்டும், ஊர்ச் சந்தையாகட்டும், கொழுகொழுவென்று கோழியைப் பார்த்தால் ஆசை வரும். "தினம் ஒரு முட்டை சார்!" என்ற பேச்சை நம்பி வாங்கினால், தீனி மட்டும் காலியாகும், முட்டை வராது!

காரணம் என்ன?

பண்ணைகளில் சுமார் 72 முதல் 80 வாரமானதும் முட்டை குறையும். தீனிச் செலவு கட்டாது. கழித்து விடுவார்கள். அந்தக் கோழியும் சந்தைக்கு வருவதுண்டு.

கண்டுபிடிப்பது எப்படி?

கொண்டை நன்றாகச் சிவந்திருக்கணும். வெளுத்துச் சுருங்கியிருந்தால் வேண்டாம். காலில் செதில் சொரசொரவென்று தடித்திருந்தால் வயசான கோழி.

பின்பக்கம் தடவினால் இரண்டு எலும்பு முனை தட்டுப்படும். நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் முட்டை போடுகிற கோழி. ஒரு விரல்தான் என்றால் நகர்ந்து விடுங்கள்!

வாங்கியாச்சா?

பழைய கோழிகளோடு உடனே சேர்க்காதீங்க. இரண்டு வாரமாவது தனிக்கூடு. வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் மொத்தக் கூடும் காலி! தடுப்பூசி போட்டதா என்றும் கேளுங்கள்.

இடம் மாறிய மிரட்சியில் சில நாள் நல்ல கோழியும் முட்டை போடாது. அவசரப்பட்டுக் குழம்பு வைத்து விடாதீர்கள்!