கல்லுக்கு ஏற்ற ஓட்டை

தளவாய்புரம் என்றால் ஜவுளிக்காரர்களுக்கு நைட்டி ஞாபகம் வரும். சத்திரப்பட்டி என்றால் பேண்டேஜ் துணி. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் காலத்திலிருந்தே இந்த வட்டாரத்துக்குப் பஞ்சும் நூலும் பழக்கம். ஆனால் தைத்து முடித்த துணிக்கு விலையைக் கூட்டுவது அதன் மேல் செய்கிற வேலைதான்: எம்ப்ராய்டரி, சம்கி, ஆரி, ஸ்டோன்.

இதில் ஸ்டோன் வொர்க்குக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. பசையைத் தொட்டு, இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்தால் முதல் நைட்டியில் பூ அழகாக வரும். ஐந்தாவது நைட்டியில் அதே பூ கொஞ்சம் சாய்ந்திருக்கும். கடைக்காரர் ஐம்பது உருப்படி கேட்டால் ஐம்பதும் ஐம்பது விதம். வீட்டு மேஜையில் வைக்கிற கட்டிங் மெஷின் உதவுவது இந்த இடத்தில்தான். சிலூவெட் கேமியோ, க்ரிகட், பிரதர் ஸ்கேன்கட் என்று பெயர் பல. பிரிண்டர் மாதிரி இருக்கும், மைக்குப் பதில் பிளேடு.

மெஷினே கல்லை ஒட்டித் தந்துவிடும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. தராது. அது ஓட்டை மட்டும்தான் போடும். வெல்வெட் போன்ற மேற்பரப்பும் அடியில் பசையும் உள்ள தடித்த ஷீட்டில், டிசைனில் கல் வர வேண்டிய இடமெல்லாம் வட்டம் வெட்டும். ஷீட்டை உரித்தால் வெட்டிய வட்டங்கள் அடிக் காகிதத்திலேயே தங்கிவிடும். ஓட்டை ஷீட்டை ஒரு கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே கற்களைக் கொட்டி, பிரஷ்ஷால் வட்டமாகத் தள்ள வேண்டும். தட்டையான அடிப்பக்கம் கீழே போன கல் ஓட்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். தலைகீழாக விழுந்தது நிலைக்காமல் பிரஷ்ஷோடு வெளியே வந்துவிடும். எல்லாம் நிரம்பியதும் டிரான்ஸ்ஃபர் டேப்பை மேலே அழுத்தித் தூக்கினால் டிசைன் முழுதும் டேப்போடு வரும். அதைத் துணியில் வைத்துச் சூட்டில் அழுத்தினால் கல்லின் அடிப்பசை உருகி ஒட்டிக்கொள்ளும்.

வெற்றி தோல்வி எல்லாம் மில்லிமீட்டரில் இருக்கிறது. கல்லின் அளவை எஸ்.எஸ். என்ற எண்ணில் சொல்வார்கள். எஸ்.எஸ். 6 கல் சுமார் 2 மி.மீ., எஸ்.எஸ். 10 சுமார் 2.8, எஸ்.எஸ். 16 சுமார் 4. எஸ்.எஸ். 10-க்கு 2.8-லேயே ஓட்டை போட்டால் கல் இறங்காது. 3.1 அல்லது 3.2 வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் குழிக்குள் கல் சாய்ந்து நிற்கும். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே அரை மில்லிமீட்டராவது இருக்கட்டும். இல்லாவிட்டால் உரிக்கும்போது ஷீட் கிழியும். புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இந்த இடைவெளிக் கணக்கு சீக்கிரம் பிடிபடும்.

டிசைனுக்கு வெளியூர் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கைக் கிளி இருக்கிறது. மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் மூக்கு என்று தினமும் புதிதாகக் கட்டப்படுகிற கிளி அது. அதைக் கல்லில் கொண்டுவரும்போது சிக்கல் மூக்கில் வரும். வளைந்து கூர்மையாக முடிகிற இடத்தில் பெரிய கற்கள் முட்டிக்கொள்ளும். உடலுக்கு எஸ்.எஸ். 10 என்றால் மூக்குக்கு எஸ்.எஸ். 6. இரண்டு நிறத்துக்கு இரண்டு ஷீட் வெட்டுவதைவிட, மூக்கு ஓட்டைகளைக் காகித டேப்பால் மூடிவிட்டுப் பச்சையை நிரப்பி, பிறகு டேப்பை எடுத்துச் சிவப்பை இடுக்கியால் வைப்பது சுலபம். ஐந்தாறு கல்லுக்கு பிரஷ் எதற்கு?

தமிழ் எழுத்துதான் உண்மையான சோதனை. 'ஆண்டாள்' என்று எழுதப் போனால் 'ண' சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் பளபளப்பாகிவிடும். என் கணக்கில் எஸ்.எஸ். 6 கல்லில் எழுத்து ஐந்து சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். கோடு ஒற்றை வரிசையாக ஓட வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மட்டும் ஒரு அளவு பெரிய கல் வைத்துப் பாருங்கள், தூரத்திலிருந்தும் படிக்கலாம். டி-ஷர்ட்டுக்கு வினைல் ஸ்டிக்கர் வெட்டிப் பழகியவர்கள் எழுத்தைத் திருப்பிப் போட்டு வெட்டுவார்கள். இதில் திருப்பக் கூடாது. கல் முகம் மேலே பார்த்தபடியேதான் துணிக்குப் போகிறது.

இனி கல்லைப் பற்றி. கண்ணாடியை வைரம்போல் மின்ன வைக்கிற ஆசை பழையது. அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி 1892-ல் கண்ணாடிக் கல்லைப் பட்டை தீட்டும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை கையால் தீட்டிய கல் அதன் பிறகு குவியலாக வரத் தொடங்கியது. இன்று 144 கல் கொண்டது ஒரு கிராஸ் என்ற கணக்கில் விற்கிறார்கள். வாங்கும்போது அடிப்பக்கம் பசை பூசிய ஹாட்ஃபிக்ஸ் கல்தானா என்று பாருங்கள். அக்ரிலிக் கல் சூட்டில் உருகிவிடும்.

காட்டன் துணிக்கு ஹீட் பிரஸ்ஸில் 160 முதல் 170 டிகிரி, 15 முதல் 20 நொடி போதும். இஸ்திரிப் பெட்டியானால் நீராவியை நிறுத்திவிட்டு, மேலே ஒரு துணி விரித்து அழுத்த வேண்டும். ஆறிய பிறகே டேப்பை உரிக்க வேண்டும். நைலானும் மெல்லிய பாலியெஸ்டரும் இந்தச் சூட்டைத் தாங்காது.

ஆரிக்கு இது மாற்றா என்றால், இல்லை. ஒரே ஒரு கல்யாண பிளவுஸுக்கு ஷீட் வெட்டி உட்கார்ந்திருப்பது வீண் வேலை. அங்கே ஆரி ஊசிதான் ஜெயிக்கும். ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வருகிற நைட்டி யோக், சித்திமாரும் அத்தைமாரும் ஒன்றுபோல் போடுகிற பிளவுஸ், பள்ளி விழா உடை, இவற்றுக்குத்தான் மெஷின். ஒருமுறை வெட்டிய ஷீட் பலமுறை உழைக்கும்.

மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டேப்பில் அடுக்கியே விற்கிற ஹாட்ஃபிக்ஸ் டிசைன் ஒன்றை வாங்கி, நீங்கள் தைக்கிற அதே துணியின் வெட்டுத்துண்டில் ஒட்டி, மறுநாள் உட்புறம் வெளியே திருப்பி நாலு முறை துவைத்துப் பாருங்கள். கல் உதிர்ந்தால் அந்தத் துணிக்கு இந்த வேலை ஒத்துவராது.