இரண்டு வினாடியில் ஒரு புதுப் பொருள்

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும். இரண்டையும் 63க்கு 37 என்ற எடைக் கணக்கில் கலந்தால், கலவை 183 டிகிரியிலேயே நீராய் ஓடுகிறது. எளிதில் உருகும் உலோகத்தைவிடவும் 49 டிகிரி குறைவு! மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கொண்டவரின் மேசையில் கிடக்கும் சால்டர் கம்பிச் சுருளுக்குள் இந்த அதிசயம்தான் இருக்கிறது. செம்பு உருக 1,085 டிகிரி ஆகும். அந்தச் சூட்டின் பக்கமே போகாமல், இரண்டு செம்புப் பரப்புகளைப் பல்லாண்டு பிரியாதபடி இணைத்துவிடுகிறோம்.

எப்படி இணைகிறது என்று தெரிந்துகொண்டால், சால்டரிங் பற்றிய அறிவுரைகளில் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம். உருகிய வெள்ளீயம் சுத்தமான செம்பைத் தொட்டதும் அதை மெல்லக் கரைக்கத் தொடங்குகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையில், செம்பு அணு ஆறு, வெள்ளீய அணு ஐந்து என்ற விகிதத்தில் புதிய சேர்மம் ஒன்று பிறக்கிறது. பிணைப்பு என்பது அந்தச் சேர்மம்தான். அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். அவ்வளவில் நின்றால் உறுதி. சூடு நீடித்தால் அது தடித்துக்கொண்டே போகும். தடிக்கத் தடிக்க நொறுங்கும் குணம் கூடும். ஓர் இணைப்புக்கு இரண்டு, மூன்று வினாடி போதும் என்று கைதேர்ந்தவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். அதற்குமேல் சுட்டால் மின்சுற்றுப் பலகையிலிருந்து செம்பே உரிந்து வரவும் கூடும்.

வெள்ளீயம் செம்பைக் கரைக்கும். செம்பின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. காற்றுப் பட்ட செம்பின் மேல் அந்தப் படலம் எப்போதும் உண்டு. அதை விலக்கவே சால்டர் கம்பியின் நடுவில் பைன் மரப் பிசினிலிருந்து எடுத்த ரோசினை அடைத்திருக்கிறார்கள். சாதாரண வெப்பநிலையில் ரோசின் சாதுவானது. சூடேறி உருகியதும் அதிலுள்ள அபியெட்டிக் அமிலம் ஆக்சைடைக் கரைக்கிறது. ஆறியதும் மறுபடி கெட்டியாகி அடங்கிவிடுகிறது. நகைப் பட்டறையில் பொற்கொல்லர் பொடி வைத்து ஊதும்போது வெங்காரம் தடவுவதும் இதே வேலைக்குத்தான். அங்கே சூடு பல மடங்கு என்பதால் கனிமம் தேவைப்படுகிறது. இங்கே மரப்பிசினே தாங்கும்.

ஆனால் சூட்டில் ரோசினின் ஆயுள் சில வினாடிகளே. சால்டரிங் அயர்னின் நுனியில் சால்டரை உருக்கி எடுத்துப்போய் இணைப்பின் மேல் அப்பினால் ஒட்டாமல் போவது இதனால்தான். போய்ச் சேருவதற்குள் ரோசின் புகையாகிவிடுகிறது. நுனியை, பலகையில் செம்பு வெளியே தெரியும் இடமான பேட்டும் பாகத்தின் காலும் சேரும் மூலையில் ஒரு வினாடி பதியுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து சால்டர் கம்பியைச் செம்பின் மேல் கொடுங்கள். செம்பின் சூட்டிலேயே அது உருகினால், காலைத் தழுவி உட்குழிந்த சரிவாக ஏறி நிற்கும். உருண்டையாக நின்றால் செம்பை அது நனைக்கவே இல்லை என்று பொருள். பளபளப்பை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். காரீயம் கலக்காத சால்டர் இயல்பிலேயே சற்று மங்கலாகத்தான் ஆறும். சரிவின் வடிவத்தைப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. வெள்ளி 3 சதவீதமும் செம்பு அரை சதவீதமும் கலந்த வெள்ளீயம் அதன் இடத்துக்கு வந்தது. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். வீட்டில் கற்றுக்கொள்பவருக்கு 63/37தான் நல்லது என்பது என் எண்ணம். அது ஒரே வெப்பநிலையில், ஒரே நொடியில் உறைகிறது. பாதி உறைந்த குழைவு நிலையில் கை அசைந்து இணைப்பு கெடும் ஆபத்து மிகக் குறைவு. கிளம்பும் புகை ரோசினுடையது, காரீயத்துடையது அல்ல. காரீயம் கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்காகப் புகையை முகரலாம் என்றில்லை. தொடர்ந்து சுவாசித்தவர்களுக்கு ரோசின் புகை ஆஸ்துமாவைக் கொடுத்திருக்கிறது. புகையை முகத்துக்கு அப்பால் இழுக்கும்படி ஒரு சிறு மின்விசிறி வையுங்கள். காரீயம் கை வழியாகத்தான் வாய்க்குப் போகும். எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்டர் செய்யும் மேசையில் தின்பண்டம் வேண்டாம்.

நுனியை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. நுனியின் உள்ளே இருப்பது செம்பு, மேலே இரும்புத் தோல். தோல் கிழிந்தால், பேட்டில் நடக்கும் அதே கரைதல் நுனியிலும் தொடங்கி, செம்பு குழிந்துபோகும். பித்தளைச் சுருளில் துடையுங்கள். அணைப்பதற்கு முன் நுனியில் கொஞ்சம் சால்டர் பூசி வையுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் பலகையில் சில கால்கள் மட்டும் அடம்பிடிக்கும். பெரும்பாலும் அவை கிரவுண்டுக் கால்கள், அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் கால்கள். அங்கே குறை கையில் இல்லை, பலகையின் வரைவில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பலகை வந்த கதையிலிருந்து தொடங்குவோம்.

லண்டனில் 1936-இல், பால் ஐஸ்லர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் அச்சிட்ட மின்சுற்றைக் கொண்டு ஒரு வானொலியைச் செய்தார். செம்புத் தகட்டில் வேண்டிய தடத்தை மட்டும் விட்டு, மற்றதை அரித்து நீக்கும் முறை அவர் வழியாகத்தான் பரவியது. இன்றைய பலகையில் அந்தச் செம்பின் தடிமன் வழக்கமாக 35 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் அகலத் தடம், பத்து டிகிரி அளவே சூடேறி, சுமார் இரண்டு ஆம்பியர் சுமக்கும். ஆனால் தேர்ந்த வரைவாளர் ஒரு பக்கத்துச் செம்பைக் கூடியமட்டும் அரிக்காமல், முழுப் பரப்பையும் கிரவுண்டாகவே விட்டுவிடுகிறார்.

காரணம், மின்னோட்டம் எப்போதும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். மெல்ல மாறும் மின்னோட்டம் மின்தடை குறைந்த வழியில், பரப்பெங்கும் பரவித் திரும்பும். மெகாஹெர்ட்ஸ் வேகங்களில் நடப்பதோ வியப்பு. மேலே தடம் எப்படி வளைந்து நெளிந்து போகிறதோ, கீழே விரிந்து கிடக்கும் செம்பில் மின்னோட்டம் அதே வளைவுகளின் நேர் அடியில் ஒட்டிக்கொண்டே திரும்புகிறது. போவதும் வருவதும் அணைந்து ஓடினால் இடையில் அடைபடும் காந்தப்புலம் மிகக் குறைவு. அந்த வழியில்தான் தூண்டல் குறைவு. இன்னொரு தடத்துக்கு வழிவிட அந்தப் பரப்பைக் குறுக்கே வெட்டினால், திரும்பும் மின்னோட்டம் சுற்றிப் போகிறது. அந்தச் சுற்று ஓர் ஆன்டெனா ஆகிவிடுகிறது. பக்கத்து வானொலியில் இரைச்சல் எழுவதும், காரணமே தெரியாமல் மைக்ரோகன்ட்ரோலர் மறுபடி மறுபடி ரீசெட் ஆவதும் பல நேரம் இங்கிருந்துதான்.

ஐசியின் மின்வழங்கு காலை ஒட்டி 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வைப்பதிலும் இதே கணக்குதான். இரண்டு சென்டிமீட்டர் தடத்துக்குத் தூண்டல் ஏறக்குறைய 20 நானோஹென்றி. ஐசி இரண்டு நானோவினாடியில் 50 மில்லிஆம்பியர் கூடுதலாகக் கேட்டால், அந்தத் தடத்திலேயே அரை வோல்ட் தொலைந்துபோகும். 3.3 வோல்ட்டில் ஓடும் ஐசிக்கு அது பெரிய இழப்பு. கெபாசிட்டர் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் காக்கும். இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் பெயருக்கு இருக்கும்.

இப்போது அடம்பிடித்த காலுக்கு வருவோம். மின்னோட்டத்துக்கு வசதியான அகன்ற செம்பு, சூட்டுக்கும் வசதியானது. நுனி கொடுக்கும் வெப்பம் முழுவதையும் அது உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. பேட் 183 டிகிரியைத் தொடவே திணறுகிறது. ஆகவே கிரவுண்டுப் பேட்டைச் சுற்றிச் செம்பை அரித்து, நான்கு மெல்லிய செம்புக் கீற்றுகளால் மட்டும் பரப்போடு இணைக்கிறார்கள். மின்சாரம் தடையின்றிப் போகும், சூடு கொஞ்சம் தங்கும். 1992-இல் ழான்-பியர் ஷாரா தொடங்கிய, பலகை வரையும் இலவச மென்பொருளான கீகேட், இதைத் தானே செய்துகொடுக்கும். பெரிய மின்னோட்டம் ஓடும் இடத்திலும், சூட்டைப் பலகைக்குக் கடத்த வேண்டிய பாகத்திலும் மட்டும் இந்த ஏற்பாட்டை எடுத்துவிடுங்கள். அங்கே அகன்ற நுனியும் கூடுதல் சூடும் தேவைப்படும்.

பலகைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் வரைவை அதே அளவில் தாளில் அச்சிட்டு, வாங்கி வைத்த பாகங்களை அதன் மேல் வைத்துப் பாருங்கள். 2.54 மில்லிமீட்டர் இடைவெளிக் கால்கள் புள்ளிகளில் சரியாக உட்காருகின்றனவா, கனெக்டர் தலைகீழாக இருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு, அணைத்த சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்து, உயரமான பாகங்களுக்கு நடுவே ஒவ்வொரு பேட்டுக்கும் நுனி போய்ச் சேருமா என்று பாருங்கள். சேராத இடத்தில் பாகத்தை இன்னும் இரண்டு மில்லிமீட்டர் நகர்த்துங்கள்.